ஐம்பது ரூபாய் அபராதமும் பத்து ரூபாய் மனுவும்



ஆரணிக்குப் பக்கத்திலிருந்து நெசவாளர் வீட்டுப் பெண் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் தெருவில் ஜரிகை திருடி அகப்பட்ட இளைஞனை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. இப்போது அவன் குடித்துவிட்டு அதே தெருமுனையில் நின்று சத்தம் போடுகிறானாம். "போலீஸில் கேட்டால் கோர்ட்டைக் கேள் என்கிறார்கள். கோர்ட்டில் கேட்டால் வக்கீலைக் கூட்டி வா என்கிறார்கள். எழுதிக்கொடுத்ததை மீறுகிறவர்களின் கணக்கு யாரிடம்தான் இருக்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா, ஐயா?" என்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம். அவர் கோபமும் எனக்குப் புரிகிறது. சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று ஆரணியைச் சுற்றித் தறி ஓடும் ஊர்களில் பாவும் ஜரிகையும் எடை போட்டுத்தான் கைக்கு வரும். நெய்த சேலையும் எடை போட்டுத்தான் போகும். குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். திருடு போனது ஒரு கட்டு ஜரிகைதானே என்று வெளியூர்க்காரர் சொல்லலாம், தறிக்குழியில் உட்காருகிறவர் சொல்ல மாட்டார்.

ஆனாலும் அந்தப் பையனைச் சிறைக்கு அனுப்பாதது தவறு என்று நான் நினைக்கவில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அதற்காகவே வந்தது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், குற்றவாளியை மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்குப் பத்திரத்தின் பேரில் விடலாம். 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் உண்டு. மேற்பார்வை பார்ப்பதோடு, தேவைப்பட்டால் வேலை தேடித் தர முயல்வதும் அவர் கடமை. சென்னை மாகாணம் இதில் டெல்லிக்கு முன்னோடி. நமக்கென்று 1936-லேயே தனிச் சட்டம் இருந்தது.

மீறினால் என்ன ஆகும் என்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவில் இருக்கிறது. அலுவலரின் அறிக்கை மூலமாகவோ வேறு வழியிலோ மீறல் தெரியவந்தால், நீதிமன்றம் வாரண்டோ சம்மனோ அனுப்பி வரவழைக்கலாம். மீறியது உண்மையென்று தெரிந்தால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் தடவை என்றால் பத்திரத்தை ரத்து செய்யாமல் அபராதம் மட்டும் போடலாம், அதிகபட்சம் 50 ரூபாய். 1958-இல் அது ஒரு தொகை. இன்று நாலு பேர் டீ குடித்தால் தீர்ந்துபோகும் காசு. "வேறு வழியிலோ" என்ற சொற்களை மட்டும் வாசகி குறித்துக்கொள்ளட்டும். மீறல் நடந்ததை அந்தத் தெருக்காரர்களே எழுத்தில் தெரிவிக்க அதில் இடமிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "நன்னடத்தைப் பத்திரத்தை மீறிய ரவுடிக்குச் சிறை" என்று நாளிதழில் அடிக்கடி படிக்கிறோமே, அது வேறு கதை. அது குற்றம் நிரூபணமான பிறகு நீதிமன்றம் வாங்கும் பத்திரம் அல்ல. இனிமேல் வம்புக்குப் போகமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 129. ஆரணியில் அதை எழுதி வாங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர், நிர்வாக நடுவர் என்ற பொறுப்பில். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் துணை ஆணையர்களுக்கே அந்த அதிகாரத்தை அரசாணை மூலம் கொடுத்திருந்தார்கள். புகார் சொல்கிற துறையே தீர்ப்பும் சொல்வதா என்ற கேள்வி எழுந்து, 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அந்த அரசாணைகளைச் செல்லாது என்றது.

ஆகவே காவல் நிலையத்தில் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். கோட்டாட்சியர் வாங்கிய பத்திரம் எத்தனை, மீறியதாக நடவடிக்கை எத்தனை என்பதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் காவல்துறைக்கும் மனு. நீதிமன்றம் விட்டவர்களின் மேற்பார்வைக் கணக்குக்கு, சிறைத்துறையின் கீழ் இயங்கும் நன்னடத்தைப் பிரிவுக்கு மனு. நீதிமன்ற உத்தரவின் நகல் வேண்டுமென்றால் அந்த நீதிமன்றத்திலேயே நகல் மனு போட வேண்டும். நீதிமன்ற விதிகளின்படி கிடைக்கிற நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறாய் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், உரிய இடத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். "நீங்கள் கேட்டபடி விவரம் தொகுக்கப்படவில்லை" என்று பதில் வருவதுதான் பெரும்பாலும் நடக்கும். இல்லாத பட்டியலைப் புதிதாகத் தயாரித்துத் தர அவர்களுக்குக் கடமை இல்லை என்பது உண்மையே. அப்போது பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்; சட்டம் அந்த உரிமையையும் தந்திருக்கிறது.

பெயரைக் கேட்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வாசகிக்கு இது பிடிக்காது என்று தெரியும். நன்னடத்தை அலுவலர் நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கை ரகசியம் என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. காவல் நிலையத்து ஹிஸ்டரி ஷீட் காவல்துறையின் உள் ஆவணம், பொதுமக்கள் பார்வைக்கு உரியதல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரத்தை மறுக்கும் பிரிவு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் இன்னும் இறுகிவிட்டது. இவையெல்லாம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். பத்திரத்தின்படி நடந்துகொண்டவனுக்கு, தண்டனை பெற்றவன் என்ற தகுதிக்குறைவு ஒட்டாது என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு வாக்குக் கொடுத்திருக்கிறது. மீறிப் பழைய குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால்தான் அந்தப் பாதுகாப்பு போகும். அதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். தெருவில் ஒட்டும் பட்டியலுக்கு அந்த வேலை இல்லை. பெயர் வெளியே வந்த பிறகு அவனுக்குத் தறி தரப்போகிற மாஸ்டர் யார்?

எண்ணிக்கையைக் கேட்பது வேறு. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் பத்திரத்தில் விடப்பட்டார்கள், எத்தனை பேர்மீது மீறல் அறிக்கை போனது, எத்தனை வழக்கில் அபராதம், எத்தனையில் சிறை, ஓர் அலுவலருக்கு எத்தனை பேர் பொறுப்பு? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பையன் மீறினானா என்பதைவிட, அவனைப் பார்க்க யாராவது வந்தார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிட்டனில் நிபந்தனை மீறிச் சிறைக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை நீதித்துறை அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே வெளியிடுகிறது. மனு போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

இந்த நன்னடத்தை முறையைத் தொடங்கி வைத்தவர் அதிகாரி அல்ல, வக்கீலும் அல்ல, பாஸ்டன் நகரத்தில் செருப்புத் தைத்த ஜான் அகஸ்டஸ். 1841-இல் ஒரு குடிகாரரைத் தன் பிணையில் கேட்டு வாங்கியவர், 1859-இல் சாகும்வரை ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்காக நின்றார். யாரை எடுத்தேன், என்ன ஆனது, எவ்வளவு செலவு என்று 1852-இல் கணக்கை அச்சிட்டும் வெளியிட்டார். அவரிடம் யாரும் தகவல் மனு போட்டிருக்கவில்லை.

ஆரணி வாசகி மனுவைப் போடட்டும். மாதிரி மனு வேண்டுமென்றால் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதினால் அனுப்பி வைக்கிறோம். மற்ற ஊர்க்காரர்களும் கேட்கலாம். வரும் பதில்களை, வராத பதில்களின் தேதியோடு சேர்த்து, இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். எண்கள் மட்டும். பெயர் எழுதி அனுப்பினால் அடித்துவிட்டுத்தான் அச்சுக்குப் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்