வெள்ளம் வடிந்தபின் விளையாட்டா?

“ஊரே தண்ணீரில் மிதக்கும்போது பந்தாட்டம் ஒரு கேடா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரோமாபுரி எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்லப்படும் நீரோ மன்னனின் கதையை வகுப்பிலே படித்தவர்கள்தாம் நாம். பிறர் துன்பத்தில் வேடிக்கை பார்ப்பவன் மனிதனாகான் என்பதை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பெருவெள்ளத்திற்குப் பின் பந்தயம் நடத்தலாமா, கூடாதா என்ற வினாவுக்கு “கூடாது” என்ற ஒரே சொல்லால் விடை கூறிவிட முடியாது என்பது எங்கள் எண்ணம். வடசென்னையில் வளரும் மாணவியர் என்ற உரிமையுடன் அதனை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வியாசர்பாடிக்கு வெள்ளம் விருந்தாளியன்று; ஆண்டுதோறும் வந்துபோகும் உறவினர் போன்றது. தாழ்ந்த நிலம். ஒருபுறம் ஓட்டேரி நல்லா, மறுபுறம் கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய். இவையெல்லாம் பக்கிங்காம் கால்வாயை நம்பியிருப்பவை. கடலில் நீர்மட்டம் உயர்ந்துவிட்டாலோ, கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டாலோ, வந்த நீர் போக வழியின்றி வீட்டுக்குள் நுழைந்துவிடும். பெருமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை குளமாகிவிடும். புளியந்தோப்புப் பக்கம் போக வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். இது எங்கள் பகுதியில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி.

அதே வியாசர்பாடிக்கு இன்னொரு பெயரும் உண்டு. ‘குட்டி பிரேசில்’ என்பார்கள். முல்லை நகர் மைதானத்தில் மாலை வேளையில் நின்று பார்த்தவர்கள் அந்தப் பெயரின் பொருளை உணர்வார்கள். குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் கல்வியும் சேர்த்தே கொடுப்பதற்காக 1997-ஆம் ஆண்டு இப்பகுதியில் தொடங்கப்பட்ட சங்கம் இன்றுவரை எத்தனையோ வீரர்களை உருவாக்கியுள்ளது. சிறுவர்கள் மட்டுமல்லர், சிறுமியரும் அங்கே காலில் பூட்ஸ் அணிந்து இறங்குகின்றனர். ஆக, வெள்ளமும் கால்பந்தும் எங்கள் வாழ்வில் அக்கம்பக்கத்து வீடுகள். ஒன்றைப் பற்றிப் பேசினால் மற்றொன்றும் வந்து நிற்கிறது.

இனி நடந்தவற்றைப் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் பெய்த மழை 1918-க்குப் பிறகு காணாத மழை. டிசம்பர் 1-ஆம் நாள் இரவில் அடையாறு கரை புரண்டது. விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குச் செல்ல முடியாததால், டிசம்பர் 2-ஆம் நாள் அச்சாகவில்லை. அந்த நேரத்தில்தான் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி. அணி, கொல்கத்தா அணியுடன் மோத வேண்டியிருந்தது. பெரியமேட்டிலுள்ள நேரு விளையாட்டரங்கில் நடக்க வேண்டிய ஆட்டம். என்ன செய்தனர்? ரத்து செய்யவில்லை, சென்னையில் பிடிவாதமாக நடத்தவும் இல்லை. ஆட்டத்தைப் புனே நகருக்கு மாற்றினர். டிசம்பர் 12-ஆம் நாள் அங்கே சென்னை அணி மூன்று கோல் போட்டு வென்றது. டிசம்பர் 20-ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் தோற்கும் நிலையிலிருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் கிடைக்க, கோப்பையையே கைப்பற்றியது. சேறு அள்ளிக்கொண்டிருந்த ஊருக்கு அது ஒரு வாய் இனிப்பு.

அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நான்கே நாளில், 16-ஆம் தேதி, சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. ஈரமான ஆடுகளத்தைத் தணல் மூட்டி உலர்த்தினார்கள். அந்த ஆட்டத்தில்தான் கருண் நாயர் 303 ரன்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் நின்றது. எண்ணூர் மீனவர்களுக்கோ வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து சேர்ந்தது. அவ்வாரம் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த கார் பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள்; அது 2024 ஆகஸ்டு இறுதியில் நடந்தேறியது.

இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒன்று இடம் மாறியது, ஒன்று குறித்த நாளில் நடந்தது, ஒன்று தள்ளிப்போனது. மூன்றில் ஒன்றும் அழிந்துபோகவில்லை! பெரிய பந்தயங்களுக்கு வேறு ஊர் கிடைக்கிறது, வேறு தேதி கிடைக்கிறது, தணல் மூட்டவும் ஆள் கிடைக்கிறது. அவற்றுக்குப் பின்னே பணம் நிற்கிறது. பள்ளிகளுக்கிடையே, கல்லூரிகளுக்கிடையே நடக்கும் சிறு பந்தயத்துக்கு யார் இருக்கிறார்கள்? “இந்த ஆண்டு வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் போதும், அது சத்தமின்றி மறைந்துவிடும். கோப்பைக்காக ஆடுபவர்களின் ஆட்டம் தப்பிவிட, வாழ்வுக்காக ஆடுபவர்களின் ஆட்டம் மூழ்கிவிடுகிறது. நாங்கள் கவலைப்படுவது இதற்காகத்தான்.

‘வாழ்வுக்காக’ என்றது மிகையன்று. பந்தயத்தில் பெறும் சான்றிதழ் பல பெண்களுக்குக் கல்லூரி வாசலைத் திறக்கும் சாவி. தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. அவளுக்கு அடுத்த ஆண்டு பள்ளியே இல்லையே!

எதிர்ப்பவர்கள் கூறும் காரணங்களை நாங்கள் புறக்கணிக்கவில்லை. முதலாவது, துக்கம். வீட்டையும் உடைமையையும் இழந்தவர் காதில் விசில் சத்தமும் கைதட்டலும் விழுவது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். இரண்டாவது, இடமும் ஆட்களும். வெள்ள நாளில் பள்ளிக்கூடமே நிவாரண முகாம். வகுப்பறையில் பாய் விரித்துக் குடும்பங்கள் உறங்கும். மைதானத்தில் அண்டா வைத்துச் சோறு பொங்குவார்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டுப் பந்து உருட்டுவது பாவம். மூன்றாவது, உடல்நலம். வெள்ளநீர் வெறும் மழைநீரன்று, சாக்கடையும் கலந்தது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் காலில் சிராய்ப்புடன் நடந்தாலே எலிக்காய்ச்சல் பற்றலாம். சேற்றுக்கடியில் கண்ணாடித் துண்டும் துருப்பிடித்த ஆணியும் கிடக்கும். மூன்று காரணங்களும் உண்மையே. ஆனால் மூன்றும் ‘இப்போது வேண்டாம்’, ‘இங்கே வேண்டாம்’, ‘இப்படி வேண்டாம்’ என்று சொல்கின்றனவே தவிர, ‘என்றைக்கும் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. நீரோவின் குற்றம் எரியும்போது வாசித்தது. அணைத்து முடித்தபின் பாடுகிறவனை யாரும் நீரோ என்று ஏசுவதில்லை.

இன்னொன்றையும் பெண்கள் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வடிந்த வீட்டில் முதலில் பள்ளிக்கு மட்டம் போடுபவள் மகள்தான். சேற்றைக் கழுவுவது, நனைந்த அரிசியை வெயிலில் பரப்புவது, லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நிற்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் தலையில்தான் விழும். அண்ணனுக்கு மைதானம் பறிபோனால் தெரு இருக்கிறது, தெருவிலே ஆடுவான். அவளுக்கோ, “பயிற்சிக்கு வா” என்று பள்ளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால்தான் வீட்டுப்படி தாண்ட ஒரு காரணம் கிடைக்கும். அந்த அழைப்பும் நின்றுவிட்டால், பூட்ஸ் பரண்மேல் ஏறிவிடும். ஒருமுறை ஏறியது இறங்குவது அரிது.

துயரம் கண்ட ஊரில் பந்து என்ன செய்யும் என்பதற்குக் கடலூரைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அந்தக் கடற்கரையைச் சூறையாடியது. அதன்பின் அங்குள்ள அரசு குழந்தைகள் காப்பகத்துச் சிறுமியர்க்குக் கால்பந்து கற்பிக்கப்பட்டது. கடலூர் மண் பின்னாளில் மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் வீராங்கனைகளை அனுப்பியது. இந்துமதி கதிரேசன் அம்மாவட்டத்துப் பெண்ணே. தமிழக மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது. “அழுகின்ற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?” என்று அன்று யாரேனும் தடுத்திருந்தால் இழப்பு யாருக்கு?

ஆதலின் பந்தயம் நடக்கட்டும் என்பதே எங்கள் முடிவு. ஆனால் சில கட்டுப்பாடுகளுடன்.

முதலாவதாக, முகாமில் தங்கிய கடைசிக் குடும்பம் வீடு திரும்பும்வரை அந்த மைதானத்தில் பந்து இறங்கக் கூடாது. அதன்பின் சேற்றை அகற்றி, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவி, தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்த பிறகே ஆட்டம்.

இரண்டாவதாக, தள்ளிவைக்கும் அறிவிப்பிலேயே புதிய தேதியும் இருக்க வேண்டும். தேதி இல்லாமல் தள்ளிவைப்பது ரத்து செய்வதன் நாகரிகமான பெயர். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தார் ஆகஸ்டு மாத நேரு கோப்பைப் படகுப் போட்டியைத் தள்ளிவைத்து, நவம்பர் 10-ஆம் நாள் நடத்தியே தீர்த்தார்கள்.

மூன்றாவதாக, மேட்டுப்பாங்கான இடத்திலுள்ள பள்ளிகள் தங்கள் மைதானத்தைத் தந்துதவ வேண்டும். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் வெள்ளம் வந்தபோது, கொலம்பியா நகரில் நடக்கவிருந்த பல்கலைக்கழகப் பந்தயத்தை எதிரணியே தன் ஊரில் நடத்திக் கொடுத்தது. செலவு போக மீந்த வருவாயையும் வெள்ளம் கண்ட பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தது. அவர்கள் ஆடுவது முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறு ஆட்டம். ஆனால் பெருந்தன்மைக்கு எல்லா ஆட்டத்திலும் ஒரே விதிதான்.

நான்காவதாக, ஆடம்பரம் கூடாது. மாலை, மேளம், பட்டாசு, சால்வை, விருந்து எதுவும் வேண்டாம். கேரளப் பள்ளிக் கலைவிழா அதே 2018 டிசம்பரில் ஆலப்புழையில் மூன்றே நாளில் எளிமையாக நடந்தது. கலைக்கு ஒன்றும் குறைவு வந்துவிடவில்லை. மிச்சமாகும் பணத்தில் வெள்ளத்தில் பூட்ஸ் இழந்த ஆட்டக்காரிக்கு ஒரு ஜோடி வாங்கித் தரலாம். பாடநூல் நனைந்தவளுக்கு நோட்டுப் புத்தகம் தரலாம்.

இறுதியாக, எவளையும் வற்புறுத்தக் கூடாது. வர இயலாதவளின் இடம் அணியிலிருந்து பறிபோகவும் கூடாது. துக்கத்திலிருக்கும் தோழிக்கு விளையாடாமல் இருக்கும் உரிமையும் உண்டு. திரும்பி வரும் உரிமையும் உண்டு.

இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒரு தேதி, ஒரு மைதானம், கொஞ்சம் சுண்ணாம்பு, நிறைய மனம். கால்வாய்களைத் தூர்வாருவதும் சுரங்கப்பாதைக்கு வழி காண்பதும் அரசின் பொறுப்பு. அதை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் ஒரு சிறுமியின் பந்தயம் கேட்பாரற்று அடித்துச் செல்லப்படாமல் காப்பது பள்ளிகளின் கையில் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் சிந்திக்க வேண்டுகிறோம். அடுத்த மழை எப்படியும் வரும். அது வருமுன்னே இந்த முடிவை எடுத்து வைப்போமாக!