தரமணிக்குப் போகும் வழி

உணவுக்குழாய் இருதயத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இறங்குவதால், அதில் புற்றுநோய் கண்டவர்க்குச் செலுத்தப்படும் எக்ஸ் கதிர் கட்டியைக் கடந்தும் சென்று அண்டை அவயவங்களைத் தீண்டிவிடுகிறது. புரோட்டான் கதிரோ, குறித்த ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. 2019-இல் சென்னை தரமணியில் அப்போலோ நிறுவனத்தார் இச்சிகிச்சையை ஸ்தாபித்தது மெச்சத்தக்கதே. ஆயினும், சோற்றுக் கவளம் இறங்காமல் கஞ்சித் தெளிவை மடக்கு மடக்காகக் குடிக்கும் ஸ்ரீரங்கத்து முதியவர் ஒருவர், 300 கிலோமீட்டருக்கு அப்பால் அறை பிடித்து, சுமார் 5 வாரங்கள், வாரத்துக்கு 5 நாள் வீதம் (உடன் தங்கிக் கஞ்சி காய்ச்சுபவரின் சம்பள நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?) கதிர் பெறுவது லேசான காரியமன்று. கட்டணத்தோடு வெளியூர் நோயாளியின் தங்குமிடச் செலவையும் அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கவேண்டும்.