நெட்டி முறிப்பது வைத்தியமா?

கைப்பேசியைத் திறந்தால் அந்தக் காணொளிதான். குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஒருவர் இரு கைகளையும் ஊன்றி அழுத்துகிறார். 'மடக்'கென்று ஒரு சத்தம். அடுத்து, கழுத்தைப் பிடித்து வெடுக்கென ஒரு திருப்பு. எழுந்தவர் சிரிக்கிறார். பார்த்தவர்கள் முகவரி கேட்டு அலைகிறார்கள்.

அந்தச் சத்தம், விலகிய எலும்பு இடம் சேர்ந்த சத்தம் அல்ல. மூட்டுக்குள் உள்ள திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் எழுவது. விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் இதுதான்.

கைரோபிராக்டிக் என்ற இம்முறையை 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தொடங்கியவர் டி.டி.பால்மர். நோய்களுக்கு மூலம் முதுகெலும்பின் விலகலே என்ற அவரது கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை. அதற்காக முறையையே ஒதுக்கிவிடவும் முடியாது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியோடு முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சைக்கும் இடமுண்டு. நாம் கடைகடையாகத் தேடி வாங்கும் இடுப்பு பெல்ட்டை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல்.

ஆகவே, கை வைப்பவர் யார் என்பதே கேள்வி. பிரிட்டனில் 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு பெறாதவர் தம்மை கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அரிதாக என்றாலும், மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். இந்த ஆபத்தைப் பயிற்சியற்ற கைகளில் விட்டுவைப்பது அரசின் பொறுப்பின்மை. பதிவும் தகுதித் தேர்வும் உடனே வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது. செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது? தைலம், ஊசி, பிறகு கடன் வாங்கி ஒரு ஸ்கேன். 'ஜவ்வு விலகியிருக்கு' என்ற ஒரு வரியில் பயந்து படுத்துவிடுகிறார். வலியே இல்லாத பலரின் ஸ்கேனிலும் அந்த விலகல் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மற்றபடி பெரும்பாலான முதுகு வலிக்குப் படுக்கையைவிட நடமாட்டமே நல்லது.

அதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க இயன்முறை மருத்துவர் வேண்டும். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவர்கள் வீடு தேடிப் போகிறார்கள்; பாராட்டுகிறோம். ஆனால் உழைத்து முதுகு ஒடிந்தவர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் இயன்முறை மருத்துவரை நியமித்து, மாலை 6 மணிக்குப் பிறகும் அந்தப் பிரிவைத் திறந்து வைக்க வேண்டும். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொன்னால் அவர் வரமாட்டார்.