தீர்மானம்

இங்கிலீஷ் பாஷையில் மன உறுதியைக் குறிக்க வழங்கும் சொற்களுள் 'ரெஸல்யூஷன்' என்பதற்குத் தனியான ஒரு கம்பீரம் உண்டு. வருஷப் பிறப்பன்று தனி மனிதன் தன் நெஞ்சோடு செய்துகொள்ளும் விரதத்துக்கும் அதுவே பெயர். ஒருவர் பிரேரேபிக்க, மற்றொருவர் ஆமோதிக்க, ஒரு மகாசபை நிறைவேற்றும் முடிவுக்கும் அதுவே பெயர். ஆபத்து வந்த காலத்தும் கலங்காத மனிதனுடைய குணத்துக்கும் அதுவே பெயர். தென் துருவத்தைச் சூழ்ந்த பனிக் கடலை ஆராய்வதற்காக 1772-ஆம் ஆண்டில் காப்டன் குக் ஏறிச் சென்ற கப்பலும் இந்தப் பெயரைத்தான் தாங்கியிருந்தது.

இத்தனை உறுதியைச் சுமந்து நிற்கும் அச்சொல்லின் மூலத்தை ஆராய்ந்தால் வியப்புத்தான் உண்டாகிறது. லத்தீன் பாஷையில் அதற்குத் தாதுவாக உள்ள வினைக்குக் கட்டை அவிழ்த்தல், இறுகியதைத் தளர்த்துதல் என்பதே பொருள். பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் புகுந்தபோதும் அது கரைத்தல், பகுத்தல் என்னும் அர்த்தங்களோடுதான் புகுந்தது. ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்தில் ஒருவருடைய சந்தேகத்தை நீக்கித் தெளிவிப்பதையும் அச்சொல்லால் குறித்தார்கள். அந்தத் தெளிவிலிருந்து பிறக்கும் உறுதியும் ஏறக்குறைய அக்காலத்திலேயே அதன் பொருளாக நிலைபெற்றது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்க 'டிஸைட்' என்ற சொல்லின் மூலத்துக்கோ வெட்டுதல் என்று பொருள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று நாம் சொல்லும் வழக்கு அதற்கு மிக நெருங்கியது. வெட்டுகிறவனுக்குக் கையின் வேகம் ஒன்றே போதும்; அவிழ்க்கிறவனோ எந்த இழை எதனோடு பின்னிக் கிடக்கிறது என்பதைப் பொறுமையோடு பார்த்தறிய வேண்டும்.

நம் தமிழில் இச்சொல்லுக்கு நேராக நாம் வழங்கும் 'தீர்மானம்' என்பதும் இந்த உண்மையையே உள்ளடக்கி நிற்பது மகிழ்ச்சிக்குரிய விஷயம். தீர்தல் என்பதற்கு நீங்குதல் என்பது பொருள்; பசி தீர்ந்தது, பிணி தீர்ந்தது, ஐயம் தீர்ந்தது என்கிறோம். சிக்கலைப் போக்கும் வழிக்குத் தீர்வு என்றும், வழக்கை முடிக்கும் நியாயாதிபதியின் வாக்குக்குத் தீர்ப்பு என்றும், மனம் கொள்ளும் உறுதிக்குத் தீர்மானம் என்றும் ஒரே வேரிலிருந்து பெயரிட்ட நம் முன்னோர், ஐயங்கள் நீங்கிய இடத்திலேதான் உறுதி தோன்றும் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள் என்றே நான் நம்புகிறேன். ஐயங்களை எதிர்கொள்ள அஞ்சி அவற்றைக் காணாதிருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளும் உறுதிக்கு வேறு பெயர் இருக்கிறது; அதைப் பிடிவாதம் என்கிறோம்.

சொல்லளவில் மட்டுமன்றிச் சரித்திரத்திலும் இந்த வேற்றுமை தெளிவாகப் புலப்படுகிறது. பிரிட்டிஷ் பார்லிமெண்டின் மரபில், காமன்ஸ் சபை தன் அங்கத்தினருக்கும் உத்தியோகஸ்தருக்கும் இடும் கட்டளைக்கு 'ஆர்டர்' என்று பெயர். தன் அபிப்பிராயத்தையும் நோக்கத்தையும் வெளியிடும்போதே அதற்கு 'ரெஸல்யூஷன்' என்று பெயர். அப்படியானால் தீர்மானத்துக்குப் பின்னால் தண்டிக்கும் கை எதுவும் இல்லை. அதைச் செய்தவர்களுடைய மனத் தெளிவும் செயலுமே அதற்கு உள்ள முழு பலம். அந்தப் பலம் இல்லாதபோது தீர்மானம் என்ன ஆகும், இருக்கும்போது என்ன ஆகும் என்ற இரண்டையும் நம் தேச சரித்திரமே, அதுவும் இரண்டே ஆண்டு இடைவெளியில், காட்டியிருக்கிறது.

1927-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், டாக்டர் அன்ஸாரி அவர்களின் தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ஐரோப்பாவிலிருந்து அப்பொழுதுதான் திரும்பியிருந்த ஜவாஹர்லால் நேரு அவர்களின் பிரேரணையின்மேல், பூரண சுதந்திரமே இந்திய மக்களின் லட்சியம் என்று தீர்மானித்தது. வார்த்தைகளில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் அதை நிறைவேற்றும் வழி என்ன, அதற்காக யார் எதைத் தியாகம் செய்வது என்ற கேள்விகள் அவிழ்க்கப்படாமலே நின்றன. காங்கிரஸின் விதிகளில் லட்சியத்தைக் கூறும் பகுதியும் மாறவில்லை. அவசரத்தில் செய்த தீர்மானம் என்று காந்தியடிகள் அதைக் கண்டித்து எழுதினார்.

அடுத்த வருஷம் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ், தன் கோரிக்கையை ஏற்பதற்குச் சர்க்காருக்கு 1929 டிசம்பர் 31-ஆம் தேதி வரை தவணை கொடுத்தது. நம்முடைய வைதிக சங்கல்பத்தில் கண்டத்தையும் வருஷத்தையும் மாதத்தையும் பக்ஷத்தையும் திதியையும் சொல்லிய பிறகே இன்னது செய்கிறேன் என்று சொல்லும் வழக்கத்தை இத்தருணத்தில் நான் நினைத்துப் பார்க்கிறேன். இடமும் காலமும் குறிக்கப்படாத உறுதி வெறும் ஆசையாகவே இருந்துவிடும் என்பதை அறிந்தே பெரியோர்கள் அவ்வாறு வகுத்திருக்க வேண்டும். தவணை முடிந்த நள்ளிரவில், லாகூரில் ராவி நதிக்கரையில் கொடி ஏறிற்று. சென்னையில் சொன்ன அதே லட்சியந்தான். ஆனால் இம்முறை காங்கிரஸின் விதிகளிலே சுயராஜ்யம் என்பதற்குப் பூரண சுதந்திரமே பொருள் என்றாயிற்று. 1930 ஜனவரி 26-ஆம் தேதி தேசமெங்கும் ஜனங்கள் கூடிப் பிரதிக்ஞை செய்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகும் காந்தியடிகள் பதறவில்லை. எந்தச் சட்டத்தை மீறுவது, ஏழைக்கும் விளங்கும் அநீதி எது, ஹிம்சை கலவாமல் கோடிக்கணக்கானவர் ஈடுபடக்கூடிய செயல் எது என்று வாரக்கணக்கில் ஆலோசித்து, உப்பு என்ற முடிவுக்கு வந்தார். மார்ச் 2-ஆம் தேதி வைசிராய்க்குக் கடிதம் எழுதி, 12-ஆம் தேதி சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் உப்பெடுத்தார். அம்மாதமே ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்றார். சென்னையில் சொல்லாக நின்றது இப்போது வேதாரண்யக் கடற்கரையில் செயலாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து நமது அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது, லாகூர்த் தீர்மானத்தின் ஞாபகமாக ஜனவரி 26-ஆம் தேதியையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

தனி மனிதர் விஷயத்திலும் நியதி இதுவேதான். 1755-ஆம் ஆண்டில் இங்கிலீஷுக்கு மகத்தான அகராதி செய்தளித்த டாக்டர் ஜான்ஸன், அதிகாலையில் எழுந்திருக்க வேண்டும் என்று வாழ்நாளில் பல முறை உறுதி செய்துகொண்டவர். அவர் காலமான பிறகு வெளிவந்த பிரார்த்தனைக் குறிப்புகளில் அந்த உறுதி திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம். உழைப்பில் மலை போன்ற அவருக்கே அது கைகூடவில்லை என்றால், ஒன்றைச் செய்வேன் என்பதோடு நில்லாமல், இதுவரை செய்யவொட்டாமல் தடுத்து வந்தது எது என்பதையும் கண்டு தெளிவது எவ்வளவு அவசியம்!

இன்று ஊர்தோறும் சங்கங்கள் கூடுகின்றன, தீர்மானங்கள் நிறைவேறுகின்றன, மறுநாள் பத்திரிகைகளில் அவை அச்சாகின்றன. அவற்றை ஆமோதிக்கக் கை தூக்கும் ஒவ்வொருவரும், இந்தக் காரியத்தில் எனக்கு உள்ள ஐயம் என்ன, அது தீர்ந்துவிட்டதா, தீர்ந்ததென்றால் என் பங்குக்கு நான் என்றைக்குத் தொடங்கப் போகிறேன் என்ற கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக. அவற்றுக்கு விடை கிடைக்கும்வரை தீர்மானத்தைத் தள்ளிவைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. விடை கிடைத்தபின் அதைக் கைவிடுவதிலேதான் அவமானம் இருக்கிறது.