கோடை விடுமுறையும் உத்தியோகப் பெற்றோரும்

மே மாதத்தில் நம் பள்ளிகள் கதவடைக்கின்றன, அலுவலகங்களோ அடைப்பதில்லை. தாயும் தந்தையும் உத்தியோகஞ் செய்யும் இல்லத்தில் எட்டு வயதுச் சிறுவனை யாரிடம் ஒப்புவிப்பது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண் தொழிலாளரின் ஆறு வயதிற்குட்பட்ட மக்களுக்கே காப்பறை வகுத்தது. ஏழு வயதெய்தியவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்றெண்ணினர் போலும்!

கோடை முகாம்களை நாடுவோர் பலர். அவற்றுட் பல நண்பகலிலேயே முடிகின்றன. பிற்பகலிற் பிள்ளை எங்கே இருப்பான்? சதுரங்கம், சித்திரம், நீச்சல் என நீளும் பட்டியலைக் கண்டு மயங்குதல் தகாது. எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் பொறுப்பு, குளத்தருகே நிற்பவர் யார், உண்டபின் உறங்க இடமுண்டோ என்பனவே முதலிற் கேட்கத்தக்கவை.

ஊரிலுள்ள பாட்டியாரிடம் அனுப்புதல் நன்றே. ஆயினும் விடுமுறை முழுவதையும் அவர்மேற் சுமத்துதல் நியாயமன்று. தந்தையார் பத்து நாளேனும் தம் விடுப்பை இதற்கென எடுப்பாராயின், அம்மூதாட்டியார் சற்றே இளைப்பாறுவர்.