ஓடுற வண்டியிலதான் கை வைக்கணும்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பேரன் ஒரு பழைய யெஸ்டி வாங்கிக்கொண்டு வந்தான். மைசூரில் செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலை 1996-லேயே மூடியாகிவிட்டது. அதாவது வண்டிக்கு அவனைவிட வயது அதிகம். தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவுக்குள் வந்து என் வீட்டு முன்னால் நிறுத்தினான். கிக்கர்தான் கியர் லீவரும். அதை மடக்கிக் காட்டினான். டேங்கில் புது பெயின்ட், கைப்பிடியில் புது ரப்பர். இரண்டு சைலன்சரிலும் உள்ளே இருக்கும் தடுப்புக் குழாயைக் கழற்றிவிட்டானாம். சத்தம் வேண்டுமாம்.

"பிளக்கைக் கழட்டிப் பாத்தியாப்பா?" என்றேன்.

"நல்லாத்தான் ஓடுது தாத்தா. ஓடுற வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னாரு."

இந்த ஒரு வசனத்தை நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். இதைப் போல ஊரைக் கெடுத்த வசனம் வேறு இல்லை என்பது என் கட்சி. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். தெரியாதவன் கை வைத்தால் நல்ல வண்டியும் கெடும். கார்புரேட்டர் திருகை அப்படி ஒரு சுற்று, இப்படி ஒரு சுற்று திருகிவிட்டு, "செட் பண்ணிட்டேன்" என்று காசு வாங்கும் ஆட்கள் உண்டு. அவர்களிடமிருந்து தப்பிக்க அந்த வசனம் உதவும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோண்டுவது வேறு, பார்ப்பது வேறு. டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பதும் வயிற்றைக் கிழிப்பதும் ஒன்றா? நம் ஆட்கள் கிழிக்க பயந்துகொண்டு நாடியும் பார்க்க விடுவதில்லை.

இந்த வசனம் எந்த எஞ்சினுக்குப் பொருந்தினாலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பொருந்தவே பொருந்தாது. காரணம் எளிது. இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தனியாக நிற்கும், சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி ஒரு தொட்டி கிடையாது. பெட்ரோலோடு நாம் கலந்து ஊற்றுகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் ஒரே மசகு. அதுவும் எரிந்து புகையாகப் போய்விடும். அளவு குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. வண்டி ஓடும். நன்றாகவே ஓடும். ஒரு நாள் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். நின்றுபோன வண்டி எல்லாமே அதற்கு முந்தின நொடி வரை ஓடிய வண்டிதான்!

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1988-ல் நான் தபால் துறையில் இருந்தேன். அந்தக் காலத்தில் புது சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. பழைய சேத்தக் ஒன்றை வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்று கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. லிட்டருக்கு 20 மில்லி ஆயில், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. ஒரு மெக்கானிக் சொன்னார், "இருபது எதுக்கு சார்? பத்து போதும். புகையும் வராது, பிளக்கும் அடைக்காது." கேட்க இனிப்பாக இருந்தது. காசும் மிச்சம். அப்படியே செய்தேன்.

வண்டி சொல்லிப் பார்த்தது. வெயிலில் பத்து கிலோமீட்டர் போனால் இழுவை குறையும். மேட்டில் ஏறும்போது உள்ளே கிணுகிணு என்று ஒரு சத்தம் வரும். ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

மே மாதம். அழகர்கோயில் போய்விட்டு நானும் என் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பன்திருப்பதி தாண்டி, கடச்சனேந்தல் நெருங்கும்போது எஞ்சின் கவ்விப் பிடித்தது. பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். பின்னால் லாரி ஏதும் வராதது அழகர் புண்ணியம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

அவள் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. ஹையர் கிரேடுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவள். கட்டுப் பிரித்த பிறகு கை கொஞ்சம் கோணலாகவே கூடியது. விரல்களுக்குப் பழைய வேகம் திரும்ப வரவில்லை. இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நாம் மிச்சம் பிடித்தது லிட்டருக்குப் பத்து மில்லி ஆயில். இந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்க்கவில்லை. நான் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், ஓடுகிற வண்டியில் கை வைக்கக் கூடாதா?

சில வருடங்களுக்கு முன் கனடாவில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு காட்சி பார்த்தேன். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை. பக்கத்து வீட்டுப் பெரியவர் பழசாக வாங்கியது. அதுவும் நம் சேத்தக் ஜாதிதான், டூ-ஸ்ட்ரோக். பனி முடியப் போகிறது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டி. அவர் அதைத் திறந்து, சிலிண்டருக்குள் ஆயிலைத் தூவி, பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து கலந்து, எலி புகாதபடி காற்று வழியை அடைத்து வைத்தார். "எதற்கு இவ்வளவு?" என்றேன். நடுக்காட்டில் பனியில் நின்றுபோனால் விறைத்துச் செத்துப்போவேன் என்றார், சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் புரிந்தது. நமக்கு அந்தப் பயம் இல்லை. வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம், பத்தடிக்கு ஒரு டீக்கடை, அடுத்த முக்கில் மெக்கானிக். இந்தத் தைரியம்தான் நம்மை அலட்சியக்காரர்களாக ஆக்கி வைத்திருக்கிறது. வண்டி எப்போதும் ஓரமாக, மெதுவாக, பகலில்தான் நிற்கும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்?

முன்கூட்டிப் பார்ப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்றும் சொல்லாதீர்கள். 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் இந்த மதுரையில் பிறந்ததுதான். அவர்கள் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டுவார்களாம். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவது ஒரு புத்தி. ஆணியை முன்னாலேயே பொறுக்குவது ஒரு புத்தி. இரண்டாவது புத்தி நம் ஊருக்குப் புதிதல்ல, நாம்தான் மறந்துவிட்டோம்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வாங்கும் பிள்ளைகளுக்கு ஆறே ஆறு வேலை சொல்கிறேன். பாதி நாள் போதும்.

1. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நலம். கறுப்பாகப் பிசுபிசுத்தால் எரிவது சரியில்லை. வெளுத்திருந்தால் ஆபத்து, எஞ்சின் காய்கிறது.

2. ஏர் ஃபில்டர். மதுரைப் புழுதிக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. தட்டிச் சுத்தம் செய்யுங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள்.

3. ஆயில். உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவு, அளவுக் குவளையில். கண் அளவு வேண்டாம், மெக்கானிக் அண்ணன் அளவும் வேண்டாம்.

4. சைலன்சரிலும் சிலிண்டரின் புகை வாயிலிலும் கரி படியும். அது எஞ்சினின் தொண்டையை அடைக்கும். எடுத்துவிடுங்கள். கரியை எடுப்பதற்குப் பதில் தடுப்புக் குழாயையே எறிவது, சளிக்கு மூக்கை அறுப்பது!

5. கிராங்க் ஆயில் சீல். நாள்பட்ட வண்டியில் ரப்பர் காய்ந்திருக்கும். ஒரு பக்கம் போனால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை தள்ளும். மறு பக்கம் போனால் வெளிக்காற்று புகுந்து எஞ்சின் காயும். கியர் ஆயில் வெளியே ஒழுகாமலே குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

6. ஒரு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது வருவது எத்தனால் கலந்தது. ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும்.

இவை எல்லாம் செய்தாலும் ஓட்டும்போது இரண்டு விரல் கிளட்சின் மேல் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேரன் ஸ்பேனரோடு வந்தான். பிளக்கைக் கழற்றினோம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. தேடிப் பார்த்தால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் ஓரம் பிய்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பையன் முகம் வெளுத்துப் போனது. புதன்கிழமைதான் ரிங் ரோட்டில் நண்பனைப் பின்னால் வைத்துக்கொண்டு விரட்டியிருக்கிறான்.

என் மனைவி இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தாள், இடது கையில் தாங்கி. அவன் கவனித்தானோ என்னவோ. டம்ளரை வாங்கிக்கொண்டு, "தாத்தா, அந்தத் தடுப்புக் குழாயத் திரும்ப மாட்டிர்றேன்" என்றான்.

ஓடுகிற வண்டியில்தான் கை வைக்க வேண்டும் அன்பர்களே. நின்றுபோன பிறகு கை வைப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.