நடிப்பு எங்கேயும் ஓடிப் போகாதா?

சின்னமனூர்ப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை "நாடகம் நடிக்கப் போறேன்" என்று சொன்னால் இப்போதெல்லாம் யாரும் கையை ஓங்குவதில்லை. பக்குவமாகத்தான் பேசுகிறார்கள். "மொதல்ல ஒரு டிகிரியக் கையில வாங்குப்பா. நடிப்பு எங்க ஓடிப் போகப் போகுது?" மாமா சொல்வார், வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவும் அதையே சொல்வார். பிள்ளையும் உத்தமபாளையத்துக்கோ போடிக்கோ மூன்று வருஷம் பஸ் ஏறி பி.காம் முடித்துவிட்டு வரும். கேட்பதற்கு நியாயமான யோசனைதான். ஆனால் நடிப்பு ஓடித்தான் போகிறது.

டிகிரி வந்ததும் "ஒரு வேலையில உக்காந்துக்க" என்பார்கள். வேலை கிடைத்ததும் தங்கச்சி கல்யாணம், அப்புறம் வீட்டுக் கடன். "மொதல்ல" என்ற அந்தச் சொல்லுக்கு முடிவே கிடையாது. நேரடியாக "நடிக்காதே" என்று சொல்லியிருந்தால் பிள்ளை சண்டையாவது போட்டிருக்கும்.

நடிப்பைப் பற்றி இந்த யோசனைக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: அது பிறவியிலேயே வருவது, பீரோவில் வைத்த பட்டுப்புடவை மாதிரி எப்போது எடுத்தாலும் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம். திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடும் ஊரில் இருந்துகொண்டு இதை நம்புவதுதான் வேடிக்கை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூச உட்காரும்போதுதான் பல சமயம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் எழும்பினால் விடிகிறவரை நிற்க வேண்டும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும்போது எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்த இடத்தில் மடக்குவார் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கூட்டம் கண்ணயரும் மூன்று மணிக்கு அதை நிமிர்ந்து உட்கார வைக்கவேண்டும். அந்தச் சுருதியும் சமயோசிதமும் வருஷக்கணக்கில் மேடையில் நின்று வாங்கியவை. கணக்குப்பதிவியல் படித்த மூன்று வருஷத்தில் அவை தானாக ஊறியிருக்காது.

இந்த நாடகங்களுக்கு அடித்தளம் போட்ட சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) பட்டதாரி அல்ல. உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் ஆறு வயதுப் பையனாகச் சேர்ந்தவர் நாடக நடிகர் டி.கே. சண்முகம். அந்தப் பாய்ஸ் கம்பெனி முறை திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, அடித்து வளர்த்த முறை அது. ஆனால் நடிப்பு பழக்கினால்தான் வரும் என்பதில் அந்தக் கம்பெனிக்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை. நமக்குத்தான் வந்திருக்கிறது. கூத்து என்னவென்றால், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அந்தச் சுவாமிகளின் பெயரைத்தான் வைத்தார்கள். அங்கே பட்டமும் தருகிறார்கள்.

"பம்மல் சம்பந்த முதலியார் நீதிபதியாக இருந்துகொண்டே நடிக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நடித்தார். ஆனால் அவர் சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கியது 1891-இல், 18 வயதில். நீதிபதியான பிறகு நடிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. "விஜய் சேதுபதி பி.காம்தானே?" என்றும் கேட்பார்கள். ஆமாம், அந்தப் படிப்பு அவருக்குக் கூத்துப்பட்டறையில் கணக்கர் வேலையை வாங்கிக் கொடுத்தது. நடிப்பைக் கொடுத்தது அந்தக் கணக்குப் புத்தகம் அல்ல. அதற்கு அப்பால் நடந்துகொண்டிருந்த பயிற்சி. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய அந்தப் பட்டறையில் நடிகர்கள் பசுபதியும் கலைராணியும் உருவானதும் அப்படித்தான்.

இதனால் பட்டமே வீண், பட்டறை ஒன்றே போதும் என்று கிளம்புகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். வாரக் கடைசியில் இரண்டு நாள் நடத்திவிட்டுச் சான்றிதழ் நீட்டும் பட்டறைகள் நகரங்களில் மலிந்துவிட்டன. சீசன் முடிந்தால் வருமானம் நின்றுபோகும் கலைஞர்களைப் பார்த்த பெற்றோரின் பயத்தையும் நான் கேலி செய்யவில்லை. படிப்பின் பங்கையும் நான் மறுக்கவில்லை. 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாம் தமிழ் நவீன நாடகத்துக்குப் பெரிய திருப்பம். அதை நடத்தியவர்களில் ஒருவரான சே. இராமானுஜம் தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். படிப்பு மேடைக்கு எதிரி இல்லை. குமுளி மலைக்கு அந்தப் பக்கம், திருச்சூரில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி நாடகத்தையே பட்டப்படிப்பாக வைத்திருக்கிறது. என் சண்டை மேடையே இல்லாத மூன்று வருஷத்தோடு மட்டும்தான்.

டெல்லியில் உள்ள அந்தத் தேசிய நாடகப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். அதன் மூன்று வருஷ டிப்ளமாவுக்கு ஏதாவதொரு பட்டம் வேண்டும் என்பது உண்மை. "பாத்தியா, நான் சொல்லல?" என்று மாமா இங்கே நிமிர்ந்து உட்காருவார். அடுத்த விதியையும் அவர் படிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் குறைந்தது ஆறு நாடகத் தயாரிப்புகளில் பங்கெடுத்திருக்க வேண்டும். "மொதல்ல டிகிரி" என்று மூன்று வருஷம் சும்மா காத்திருந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் விண்ணப்பம் போடக்கூடத் தகுதி இல்லை.

ஆகவே மாமாக்களே, பெரியப்பாக்களே, பி.காமில் சேர்த்துவிடுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே மூன்று வருஷத்தில், வருஷத்துக்கு இரண்டு நாடகத்திலாவது பிள்ளையை மேடையேற விடுங்கள்.